எஸ்.பி.எம். உயிரியல்: நாலு பேர் சேர்ந்து கேள்வி பழகுவது எப்படி

மலேசியாவில் படிவம் 5 முடிவில் எழுதும் அரசுச் சோதனையான எஸ்.பி.எம். உயிரியலுக்குச் சேர்ந்து படிக்கலாம் என்று கிளம்பும் மாணவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். இரவு பத்து மணிக்கு ஒருவர் கேள்வியைப் படம் பிடித்துப் புலனத்தில் போடுவார். நன்றாகப் படிக்கிற ஒருவர் விடையை எழுதி அனுப்புவார். மற்றவர்கள் அதை அப்படியே நோட்டில் இறக்கிக்கொள்வார்கள். அதே கேள்வி வேறு படத்தோடு, வேறு உயிரினத்தோடு சோதனையில் வந்தால் பேனா நகராது.

விடையைத் தூக்கிக் கொடுப்பதால் நண்பனுக்குப் பெரிய நன்மை இல்லை. அவன் எழுதிய விடையில் எந்த வரிக்குப் புள்ளி விழுந்தது, எந்தச் சொல் இல்லாததால் விழவில்லை என்று காட்டினால் அடுத்த கேள்வியை அவனே எழுதுவான். அதற்கான முறையைத்தான் இங்கே சொல்கிறோம். சுங்கை சிப்புட் மாதிரி செம்பனையும் ரப்பரும் சூழ்ந்த தோட்டப் பட்டணங்களில், ஈப்போவுக்குப் போய் டியூஷன் படிக்க எல்லா வீட்டிலும் வசதி இருக்காது. இந்த முறைக்கு ஒரு மேசை, நாலு பேர், சிவப்புப் பேனா, ஸ்கீமாவோடு (எதற்குப் புள்ளி என்று காட்டும் விடைக்குறிப்பு) சில பழைய தாள்கள் இருந்தால் போதும்.

தாளின் கணக்கு

தாள் 1இல் 40 புறவயக் கேள்விகள்; நேரம் 1 மணி 15 நிமிடம். தாள் 2க்கு 100 புள்ளி, 2 மணி 30 நிமிடம். அதில் ஏ பிரிவில் 8 அமைப்புக் கேள்விகள். 60 புள்ளி, எல்லாவற்றுக்கும் எழுத வேண்டும். பி பிரிவில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம், 20 புள்ளி. சி பிரிவில் ஒரே கேள்வி, கட்டாயம், 20 புள்ளி. தாள் 3 செய்முறைச் சோதனை.

தாள் 2ஐக் கணக்குப் போட்டால் ஒரு புள்ளிக்கு ஒன்றரை நிமிடம் வரும். அதை முழுக்கச் செலவு செய்தால் திருப்பிப் பார்க்க நேரமே மிஞ்சாது. ஏ பிரிவை 80 நிமிடத்தில் முடித்து, பி, சி பிரிவுகளுக்குத் தலா 30 நிமிடம் கொடுத்தால் கையில் 10 நிமிடம் இருக்கும். குழுவாகப் பழகும்போதும் இந்த வேகத்தையே வைத்துக்கொள்ளுங்கள். 6 புள்ளிக் கேள்வி என்றால் 8 நிமிடம். நேரம் பார்க்காமல் எழுதிப் பழகியவர்கள் ஏ பிரிவிலேயே இரண்டு மணி நேரத்தைக் கரைத்துவிட்டு, சி பிரிவில் நாலு வரியோடு எழுந்து வருகிறார்கள்.

குழு, இடம், பொருள்

நாலு பேர் சரியான அளவு. ஐந்து வரை போகலாம். மூன்று பேர் இருந்தால், ஒருவர் வராத நாளில் படிப்பு அரட்டையாகிவிடும். ஆறுக்கு மேல் போனால் ஒருவராவது பேசாமலேயே எழுந்து போவார். எல்லாரும் கெட்டிக்காரர்களாக இருக்க வேண்டியதில்லை. மலாயில் தெளிவாக எழுதுகிற ஒருவர் மட்டும் அவசியம். தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு ஆறாம் ஆண்டு வரை அறிவியல் தமிழில் இருந்திருக்கும். இப்போது விடைத்தாள் மலாயிலோ ஆங்கிலத்திலோ. விஷயம் புரிந்தும் வாக்கியம் அமையாமல் புள்ளி போவது இவர்களிடம் அதிகம். அதனால் பேச்சு தமிழில் இருக்கட்டும், எழுதுவது சோதனை மொழியில் மட்டுமே இருக்கட்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இடத்துக்குக் கோயில் மண்டபமோ பாலாய் ராயாவோ (ஊர்ப் பொது மண்டபம்) பள்ளி நூலகமோ போதும். வீடு என்றால் தொலைக்காட்சி ஓடாத வீடாகப் பாருங்கள். பட்டணத்துக்கு வெளியே தோட்டத்திலிருந்து வருகிறவருக்கு எந்த நேரத்தில் பஸ்ஸோ வேனோ இருக்கிறது என்று கேட்டு, அதன்படி நேரம் குறியுங்கள். கூட்டம் முடிகிற நேரம்தான் முக்கியம். இருட்டுகிற வரை இழுத்தால் அடுத்த வாரம் பெண்பிள்ளைகளை வீட்டில் அனுப்ப மாட்டார்கள். சனிக்கிழமை காலை 9.30 முதல் 11.30 வரை என்று வைத்துக்கொண்டால் யாருக்கும் சிரமம் இல்லை.

பொருள் கொஞ்சம்தான்: படிவம் 4, 5 பாடநூல்கள், ஸ்கீமாவோடு கிடைக்கிற டிரயல் (முன்னோட்டச் சோதனை) தாள்கள், ஆளுக்கு ஒரு கெட்டி அட்டை நோட்டு. ஸ்கீமா இல்லாத தாளைத் தொடாதீர்கள். நாலு பேர் சேர்ந்து ஊகித்த விடையைச் சரி என்று நம்பிப் படிப்பதைவிட, படிக்காமல் இருப்பதில் நஷ்டம் குறைவு. பள்ளியில் உயிரியல் ஆசிரியரிடம் நேரில் கேட்டால் பெரும்பாலும் ஸ்கீமா கிடைத்துவிடும். நகல் எடுக்கும் செலவைக் குழுவில் பங்கு போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு மணி நேரக் கூட்டம்

ஒவ்வொரு வாரமும் ஒருவர் கேள்வி கொண்டுவரும் பொறுப்பை எடுத்துக்கொள்ள வேண்டும். அவர் மட்டும் ஸ்கீமாவை முன்கூட்டியே பார்த்திருப்பார். 6 முதல் 10 புள்ளி வரையிலான மூன்று கேள்விகள் போதும்.

முதலில் எல்லாரும் பேசாமல், நூலைப் பார்க்காமல், நேரம் வைத்து எழுதுங்கள். தெரியாவிட்டாலும் வெற்றுத்தாள் கூடாது. தெரிந்த ஒரு வரியாவது இருக்க வேண்டும். புள்ளி எங்கே விழுகிறது என்று பார்க்க, எழுதிய வரி ஒன்று வேண்டுமே.

பிறகு தாளை வலப்பக்கத்தவரிடம் கொடுங்கள். கேள்வி கொண்டுவந்தவர் ஸ்கீமாவை ஒவ்வொரு புள்ளியாக நிறுத்தி வாசிக்கட்டும். திருத்துகிறவர் புள்ளி விழுந்த சொற்களின் மேலேயே சிவப்பு அடையாளம் போட வேண்டும். ஓரத்தில் மொத்தமாக "3/6" என்று போட்டால் ஒன்றும் தெரியாது. எந்தப் புள்ளி விழவில்லையோ, அதற்கு வேண்டிய சொல்லைத் தாளின் அடியில் எழுதுங்கள்.

இரக்கப்பட்டுப் புள்ளி கொடுப்பதுதான் இங்கே பெரிய ஆபத்து. "அவள் இதைத்தான் சொல்ல வந்தாள், எனக்குப் புரிகிறது" என்று நண்பர் சொல்வார். தேர்வாளருக்கு அவளைத் தெரியாது. தாளில் இருப்பது மட்டும்தான் தெரியும். தாளில் இல்லாவிட்டால் புள்ளி இல்லை.

தாள் திரும்பி வந்ததும், குறைவாக வாங்கியவர் அந்தக் கேள்வியைத் தமிழில் மற்றவர்களுக்கு விளக்கட்டும். நன்றாக எழுதியவர் விளக்கினால் எல்லாரும் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். குறைவாக வாங்கியவர் வாய்விட்டுச் சொல்லும்போது எந்த இடத்தில் தடுக்குகிறதோ, அங்கேதான் ஓட்டை. மற்றவர்கள் அந்த இடத்தில் கேள்வியாகவே கேளுங்கள்: "தண்ணி எங்கிருந்து எங்கே போகுது?", "ஏன் அந்தப் பக்கம் போகுது?" விடையை வாயில் ஊட்டாதீர்கள். கடைசியாக மூன்று நிமிடத்தில் எல்லாரும் அதே விடையை மறுபடி, இந்த முறை முழுமையாக, எழுதுங்கள்.

இப்படி ஒரு கேள்விக்கு அரை மணி நேரம் பிடிக்கும். மூன்றுக்கும் சேர்த்து ஒன்றரை மணி. மீதி நேரத்துக்குத் தாள் 1இலிருந்து 10 கேள்விகள், 18 நிமிடம் வைத்து. சரியான விடையைச் சொல்வதோடு நிறுத்தாமல், மற்ற மூன்றும் ஏன் தவறு என்று ஆளுக்கு ஒன்றாகச் சொல்ல வேண்டும்.

புள்ளி எங்கே விழுகிறது

ஸ்கீமாவில் ஃபக்தா என்று உண்மைக்கும் பெனராங்கான் என்று விளக்கத்துக்கும் புள்ளி தனித்தனியாகப் பிரித்திருக்கும். "ஞாத்தாக்கான்" (குறிப்பிடுக) என்று கேட்டால் உண்மையை மட்டும் சொன்னால் போதும். "தெராங்க்கான்" (விளக்குக) என்று கேட்டால் உண்மையும் வேண்டும், அதனால் என்ன ஆகிறது அல்லது ஏன் ஆகிறது என்பதும் வேண்டும். "பெஸாக்கான்" (வேறுபடுத்துக) என்றால் இரண்டு பக்கத்தையும் ஒரே அம்சத்தில் எதிரெதிரே வைக்க வேண்டும். "தமனியின் சுவர் தடிப்பானது" என்று எழுதிவிட்டுச் சிரையைப் பற்றி வாய் திறக்காவிட்டால் அந்த ஒப்பீட்டுக்குப் புள்ளி இல்லை.

ஒரு கேள்வியைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். உருளைக்கிழங்குத் துண்டு ஒன்று அடர்த்தியான சுக்ரோஸ் கரைசலில் 30 நிமிடம் ஊறுகிறது. அது ஏன் தொளதொளத்துப் போனது என்று விளக்க வேண்டும், 4 புள்ளி. குழுவில் நிச்சயம் ஒருவராவது இப்படி எழுதுவார்: "தண்ணீர் வெளியே போனதால் உருளைக்கிழங்கு சுருங்கியது." இதில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் தாராளமாகப் பார்த்தால்கூட ஒரு புள்ளிதான். எதிர்பார்க்கப்படுவது இந்தச் சங்கிலி: சுக்ரோஸ் கரைசல் செல் சாற்றைவிட ஹைப்பர்டோனிக் (கரைபொருள் அடர்வு கூடியது), அதனால் நீர் மூலக்கூறுகள் ஓஸ்மோசிஸ் முறையில் செல்லிலிருந்து வெளியே பரவுகின்றன, வேக்குவோலும் சைட்டோபிளாசமும் சுருங்கி, பிளாஸ்மா சவ்வு செல் சுவரை விட்டு விலகுகிறது, இது பிளாஸ்மோலிசிஸ், செல் விறைப்பழுத்தத்தை இழந்து தளர்கிறது, துண்டு மென்மையாகிறது.

இங்கே விழும் தப்புகள் ஏறக்குறைய எப்போதும் ஒன்றேதான். "கரைசல் ஹைப்பர்டோனிக்" என்று எழுதி, எதைவிட என்று சொல்லாமல் விடுவது. ஓஸ்மோசிஸ் என்ற சொல்லே இல்லாமல் "தண்ணீர் போனது" என்பது. செல் சுவர் சுருங்கியதாக எழுதுவது. சுவர் அப்படியே நிற்கும், சவ்வுதான் விலகும். சுக்ரோஸ் உள்ளே நுழைந்தது என்பது இன்னொன்று. அந்த மூலக்கூறு சவ்வைத் தாண்ட முடியாத அளவுக்குப் பெரியது. திருத்தும்போது இந்த நாலையும் தேடிப் பாருங்கள்.

சமையலறையில் செய்து பார்க்கக்கூடியது

இதே பாடத்தை ஒருமுறை கையால் செய்து பார்த்தால் மூன்று கூட்டம் மிச்சமாகும். தாள் 3க்கும் கைகொடுக்கும். வெள்ளைச் சீனி என்பது சுக்ரோஸ்தான். அதன் மோலார் நிறை 342 கிராம். 250 மில்லிலிட்டர் கரைசலுக்கு 17 கிராம் சீனி போட்டால் 0.2 மோலார், 34 கிராமுக்கு 0.4, 51 கிராமுக்கு 0.6. முதலில் கொஞ்சம் தண்ணீரில் சீனியைக் கரைத்து, பிறகு 250 மில்லிலிட்டர் கோடு வரை தண்ணீர் சேருங்கள். 250 மில்லிலிட்டர் தண்ணீரில் சீனியைக் கொட்டினால் மொத்த அளவு கூடி, அடர்வு குறைந்துவிடும். நாலாவது கோப்பையில் வெறும் தண்ணீர்.

ஒரே உருளைக்கிழங்கிலிருந்து, தோல் ஒட்டாமல், அரை சென்டிமீட்டர் தடிமனில் 5.0 சென்டிமீட்டர் நீளத் துண்டுகள் வெட்டுங்கள். ஒரு கோப்பைக்கு மூன்று போட்டுச் சராசரி எடுங்கள். வெட்டியதும் போட வேண்டும். மேசையில் கிடந்தால் காய்ந்து, தொடக்க அளவே பிசகும். துண்டு முழுக்க மூழ்க வேண்டும். சீனி அதிகமான கரைசலில் மிதக்கப் பார்த்தால் சின்னக் கரண்டியால் அமுக்கி வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்து எடுத்து, டிஷ்யூவில் ஒற்றி, நீளத்தை அளக்கவும். மாற்றம் இரண்டொரு மில்லிமீட்டர்தான் இருக்கும், அதனால் அளவுகோலை நேராகப் பார்த்துப் படிக்க வேண்டும். 5.0 என்பது 4.8 ஆகியிருந்தால் மாற்றம் கழித்தல் 4 விழுக்காடு.

அடர்வைக் கிடைக்கோட்டிலும் நீள மாற்ற விழுக்காட்டை நெடுங்கோட்டிலும் வைத்து வரைபடம் போடுங்கள். கோடு பூஜ்யத்தை வெட்டும் இடம்தான் செல் சாற்றுக்கு ஐசோடோனிக்கான (சம அடர்வுள்ள) கரைசலின் அடர்வு. உருளைக்கிழங்குக்கு அது வழக்கமாக 0.2க்கும் 0.4க்கும் நடுவில் வரும். அட்டவணை எழுதும்போது 5 என்று எழுதாமல் 5.0 என்றே எழுதுங்கள், எல்லா வரியிலும் ஒரே தசம இடம். அலகு தலைப்பில் மட்டும் இருக்கட்டும். ஒவ்வொரு கட்டத்திலும் வேண்டாம். மாற்றிய மாறி கரைசலின் அடர்வு. துலங்கும் மாறி நீள மாற்றம். மாறாமல் வைத்தது ஊறும் நேரமும் தொடக்க நீளமும். இந்த மூன்றையும் சோதனை மொழியில் எழுதி, ஒருவர் தாளை ஒருவர் திருத்துங்கள். செய்முறைச் சோதனையில் புள்ளி போவது பெரும்பாலும் இந்த மாதிரி சின்ன விஷயங்களில்தான்.

சங்கிலிப் பாடங்களுக்குச் சீட்டு

உயிரியலில் நீளமான விடைகள் பலவும் காரண காரியச் சங்கிலிகள். அவற்றைக் குழுவாகப் பழகச் சீட்டு மாதிரி வசதி வேறு இல்லை. ஏ4 தாளை எட்டாகக் கிழித்து, ஒரு துண்டில் ஒரு கண்ணியாக எழுதுங்கள்.

ஊட்டச்சத்து மிகுந்து நீர்நிலை கெடும் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செம்பனைக்குப் போட்ட உரத்தின் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மழையில் கரைந்து ஓடையில் சேர்கின்றன, பாசி வேகமாகப் பெருகுகிறது, நீரின் மேல்பரப்பு மூடி, வெளிச்சம் உள்ளே போவது குறைகிறது, அடியில் இருக்கும் நீர்த்தாவரங்கள் ஒளிச்சேர்க்கை செய்ய முடியாமல் சாகின்றன, காற்றுள்ள சூழலில் வாழும் சிதைக்கும் பாக்டீரியாக்கள் பெருகுகின்றன, அவை நீரில் கரைந்த ஆக்சிஜனைப் பயன்படுத்துகின்றன, பி.ஓ.டி. (உயிர்வேதி ஆக்சிஜன் தேவை) அளவு ஏறுகிறது, மீன்கள் சாகின்றன. மொத்தம் எட்டுச் சீட்டு. கலைத்துப் போட்டு வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். அது கைவந்த பிறகு ஒரு சீட்டை ஒளித்துவிட்டு, எது காணவில்லை என்று கேளுங்கள். பாக்டீரியாச் சீட்டை ஒளித்தால் பலர் கவனிக்க மாட்டார்கள், ஏனென்றால் பாசிதான் ஆக்சிஜனைத் தின்றுவிட்டது என்று மனத்தில் பதிந்திருக்கும். ஸ்கீமாவில் புள்ளி அந்தப் பாக்டீரியாவுக்குத்தான்.

இரத்தத்தின் நீர் அளவைச் சமன் செய்யும் பாடமும் அப்படியே. தண்ணீர் குறைவாகக் குடித்தால் இரத்தத்தின் ஓஸ்மோடிக் அழுத்தம் இயல்பைவிடக் கூடும். ஹைப்போதலாமஸில் உள்ள ஓஸ்மோ உணர்விகள் தூண்டப்படும். பிட்யூட்டரி சுரப்பி ஏ.டி.எச். ஹார்மோனை அதிகம் வெளியிடும். தொலைச் சுருள் குழலும் சேகரிப்புக் குழலும் நீரை அதிகம் ஊடுருவ விடும். நீர் கூடுதலாக மீள உறிஞ்சப்படும். சிறுநீர் குறைவாக, அடர்த்தியாக வரும். இதை ஒருமுறை நேராக அடுக்கிய பிறகு, அதிகம் தண்ணீர் குடித்தவருக்கு மாற்றி அடுக்க வேண்டும். "கூடும்", "குறையும்" என்ற சொற்களை மட்டும் தனிச் சீட்டில் வைத்தால் திசை குழம்புவது உடனே தெரிந்துவிடும்.

கண்ணெதிரே இருக்கும் மரபியல்

மரபியலைப் பட்டாணிச் செடியோடு நிறுத்த வேண்டாம். வாசலைத் தாண்டினால் செம்பனை நிற்கிறது. டூரா வகைப் பழத்தில் கொட்டை ஓடு தடிப்பு. பிசிஃபெரா வகையில் ஓடு கிடையாது. அதன் பெண் பூங்குலைகள் பெரும்பாலும் காய் பிடிக்காமல் அழுகிவிடும். இரண்டையும் கலந்தால் வருவது டெனெரா: மெல்லிய ஓடு, எண்ணெய் தரும் சதை அதிகம். ஓட்டின் தடிப்பை ஒரே மரபணுதான் தீர்மானிக்கிறது என்பதைப் பெய்ர்நார்ட், வாண்டர்வேயன் இருவரும் கொங்கோவில் செய்த ஆய்வை 1941இல் வெளியிட்டு நிலைநாட்டினார்கள். இன்று மலேசியத் தோட்டங்களில் வணிக முறையில் நடுவது டெனெராவைத்தான்.

இதிலிருந்து ஓர் உயர்நிலைச் சிந்தனைக் கேள்வி தயார் செய்யலாம்: "சிறுதோட்டக்காரர் ஒருவர், தம் டெனெரா மரங்களுக்கு அடியில் தானாக முளைத்த கன்றுகளை எடுத்து நடுகிறார். விளைச்சல் ஏன் குறையும்?" டெனெராவுக்கும் டெனெராவுக்கும் மகரந்தச் சேர்க்கை நடந்தால் கிடைக்கும் விகிதம் ஒரு டூரா, இரண்டு டெனெரா, ஒரு பிசிஃபெரா. சராசரியாகக் கால் பங்கு மரங்களில் ஓடு தடிப்பாகவும் சதை குறைவாகவும் இருக்கும். இன்னொரு கால் பங்கில் குலையே சரியாக நிற்காது. பாதிதான் தேறும். மரபியல் வரைபடம் போடும்போது பெற்றோரின் தோற்றவகை, மரபுவகை, மயோசிஸ், வட்டமிட்ட கேமீட்டுகள், கருவுறுதல், பிள்ளைகளின் மரபுவகை, தோற்றவகை, விகிதம் என்று ஒவ்வொரு வரிக்கும் இடப்பக்கம் தலைப்பு எழுத வேண்டும். கணக்கு சரியாக இருந்தும் தலைப்பு இல்லாமல் புள்ளி இழப்பவர்கள் நிறைய. குறியீட்டைக் கேள்வி கொடுத்திருந்தால் அதையே பயன்படுத்துங்கள், சொந்தமாக வைக்காதீர்கள்.

பழத்தைக் குறுக்கே வெட்டிப் பார்க்க ஆசை இருந்தால், சொந்தமாகச் செம்பனை வைத்திருக்கிற உறவினரிடம் இரண்டு பழம் கேட்டு வாங்குங்கள். தோட்டத்தில் கீழே கிடக்கும் உதிரிப் பழமும் தோட்டத்துக்குச் சொந்தம். எடுத்தால் பெற்றோருக்குத்தான் பிரச்சினை வரும். பழம் வழுக்கும், ஓடு கெட்டி, கத்தி சறுக்கும். பெரியவர் ஒருவர் வெட்டிக் கொடுக்கட்டும்.

மகரந்தச் சேர்க்கைக்கு 1981இல் கேமரூனிலிருந்து கொண்டுவந்து விட்ட வண்டு, எலியைப் பிடிக்கத் தோட்டத்தில் பெட்டி கட்டி வளர்க்கும் கூகை ஆகிய இரண்டையும் சூழலியல் பாடத்தில் எடுத்துக்காட்டாக எழுதலாம். கூகை உயிரியல் கட்டுப்பாட்டுக்கு நல்ல உதாரணம்.

அடிக்கடி விழும் குழிகள்

சில தப்புகள் குழுக் குழுவாகத் தொற்றும். ஒருவர் சொன்னதை மற்றவர் நம்பிவிடுவதால். என்சைம் அதிக வெப்பத்தில் "செத்துப்போகும்" என்பது அதில் முதலாவது. என்சைம் புரதம், அதற்கு உயிர் இல்லை. அதன் செயல்மையத்தின் வடிவம் மாறி, இயல்பிழக்கிறது. பித்தநீரை என்சைம் என்று எழுதுவது இரண்டாவது. அது கொழுப்பைச் சிறு துளிகளாகச் சிதறடிக்கிறது, செரிப்பது லிப்பேஸ். தமனி என்றாலே ஆக்சிஜன் மிகுந்த இரத்தம் என்று பொதுவாக எழுதினால் நுரையீரல் தமனியில் மாட்டிக்கொள்வீர்கள். சிறுநீரில் குளுக்கோஸ் இல்லாததற்கு "வடிகட்டப்படவில்லை" என்று காரணம் எழுதுவதும் அடிக்கடி வரும். குளுக்கோஸ் வடிகட்டப்பட்டு, அண்மைச் சுருள் குழலில் முழுக்க மீள உறிஞ்சப்படுகிறது. வடிகட்டியைத் தாண்ட முடியாதவை பெரிய புரதங்களும் இரத்தச் செல்களும்.

மயோசிஸில் எது எப்போது பிரிகிறது என்பதில் பாதிப் பேருக்குக் குழப்பம். முதல் அனாஃபேஸில் ஒத்த குரோமோசோம்கள் பிரிகின்றன, இரண்டாவதில் சகோதரி குரோமாடிட்டுகள். இரண்டு நிறத்துச் சணல் கயிற்றை மேசையில் போட்டு நகர்த்திக் காட்டினால் ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். நோய் எதிர்ப்பில் தடுப்பூசி செயற்கையான செயல்முனை எதிர்ப்பு, ஆன்டிசீரம் செயற்கையான செயலற்ற எதிர்ப்பு. உடலே ஆன்டிபாடியைத் தயாரித்ததா, வெளியிலிருந்து வாங்கியதா என்று கேட்டுக்கொண்டால் மாறாது.

புலனத்தில் கேட்பதும் சொல்வதும்

கூட்டம் இல்லாத நாளில் கேள்வி கேட்கிறவர் மூன்றைச் சேர்த்து அனுப்ப வேண்டும்: படமும் புள்ளியும் தெரிகிற முழுக் கேள்வி, தான் எழுதிப் பார்த்த விடை, எந்த வரியில் நின்றேன் என்பது. இரண்டாவது இல்லாவிட்டால் யாரும் பதில் சொல்ல வேண்டாம் என்று குழுவில் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பதில் சொல்கிறவர் முதலில் பாடத்தையும் பாடநூல் பக்கத்தையும் மட்டும் சொல்லட்டும். மறுபடி எழுதி அனுப்பினால், விட்டுப்போன சொல்லைக் காட்டட்டும். முழு விடை அடுத்த நாள்தான். குரல் பதிவில் நீளமாக விளக்குவதைவிடக் கையால் எழுதியதைப் படம் பிடித்து அனுப்புவது நல்லது. குரல் பதிவில் பிறகு தேட முடியாது.

பதினான்கு வாரமும் அதற்குப் பிறகும்

படிவம் 4இல் 15 பாடம், படிவம் 5இல் 13. மொத்தம் 28. வாரத்துக்கு இரண்டு என்றால் 14 வாரம். வரிசைப்படி போகாமல் உறவுள்ளதை ஜோடி சேருங்கள்: பிளாஸ்மா சவ்வைத் தாண்டும் பொருள்களோடு தாவரங்களில் கடத்தல், செல் பிரிதலோடு மரபுவழி, என்சைமோடு செரிமானம். ஒன்றைத் திருப்பும்போது இன்னொன்றும் நினைவுக்கு வரும். அதன்பின் நாலு வாரம் முழுத் தாள்: இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து எழுதி, அடுத்த நாள் மாற்றித் திருத்துவது.

நடுவில் சில சிக்கல் வரும். ஒருவரே பேசிக்கொண்டிருந்தால் அவருக்கு ஸ்கீமா வாசிக்கிற வேலையைக் கொடுங்கள். வாசிக்கிறவர் கருத்துச் சொல்லக் கூடாது. பேசாமல் இருப்பவரிடம் "புரிகிறதா" என்று கேட்காதீர்கள், புரிகிறது என்றுதான் சொல்வார். கடைசி வரியை அவரையே சொல்லச் சொல்லுங்கள். ஸ்கீமாவே தவறோ என்று சந்தேகம் வந்தால் பத்து நிமிடத்துக்கு மேல் வாதாட வேண்டாம். கேள்வி, ஸ்கீமாவின் வரி, உங்கள் சந்தேகம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி, திங்கட்கிழமை ஆசிரியரிடம் கொடுங்கள்.

கெட்டி அட்டை நோட்டில் ஒரு பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் நீங்கள் எழுதிய வரியையும் வலப்பக்கம் புள்ளி வாங்கித்தரும் வரியையும் வாரா வாரம் எழுதி வாருங்கள். சோதனைக்கு முந்திய வாரம் புதுக் கேள்வி எதையும் எடுக்க வேண்டாம். நோட்டை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளுங்கள்; நண்பர் இடப்பக்க வரியை வாசிக்க, வலப்பக்க வரியை நீங்கள் பார்க்காமல் எழுதுங்கள். சரியாக எழுதியதைக் கோடிட்டு அடித்துவிடுங்கள். அடிக்காமல் மிஞ்சியதை மட்டும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்து, சோதனையன்று பள்ளி வாசலில் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு, மண்டபத்துக்குள் நுழையும் முன் அதைப் புத்தகப்பையில் போட்டு வெளியே வைத்துவிடுங்கள்.